எல்லைக்குள் நின்றவர்கள்

"கற்பூரத்த அணச்சாத்தான் நான் உள்ள வருவேன்" என்று யோகராஜ் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"அணச்சா அண்ணனுக்கு மூச்சு இன்னும் இழுக்கும். எரியட்டும்" என்றாள் ராசம்மா. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுகுணா ஒரு கையில் டம்ளரும் இன்னொரு கையில் ஸ்பூனுமாக இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். கட்டிலில் அப்பா பொன்னுத்துரை வாயைத் திறந்தபடி கிடந்தார். அவருக்கு இப்போது வேண்டியது ஒரு ஸ்பூன் தண்ணீர், அவ்வளவுதான். அதைக் கொடுக்கவிடாமல் அண்ணன் தன் கர்த்தரோடு வாசலில் நிற்கிறான், ராசம்மா அத்தை தன் முனியோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். வந்த ஆத்திரத்தில் சுகுணா குனிந்து, தட்டில் எரிந்த கற்பூரத்தை வாயால் ஊதி அணைத்தாள். ராசம்மா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வா. வந்து அப்பாவப் பாரு. பஸ், போதும், இதுக்கு மேல ஒருத்தரும் எதுவும் பேசாதீங்க."

யோகராஜ் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். பாராடாங்கில் வண்டிகளை ஏற்றிக் கரை மாற்றும் ஃபெர்ரியில் அவனுக்கு வேலை. போலீஸ் காவலோடு வண்டிகளை வரிசையாக விடும் காலைக் கான்வாயில் கிளம்பியவன் காட்டுச் சாலை நெடுக ஜெபம் பண்ணிக்கொண்டே வந்திருப்பான், உதடு காய்ந்து கிடந்தது. அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்பா, யோகு வந்திருக்கேன்."

அப்பா கண்ணைத் திறந்தார். மகனை அடையாளம் தெரிந்தது. வந்தாயா, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்கவில்லை. எல்லோரிடமும் கேட்டதைத்தான் அவனிடமும் கேட்டார்.

"அன்னைக்கு... யாருடா சொன்னது?"

யோகராஜ் தங்கையை நிமிர்ந்து பார்த்தான். அவள் ஸ்பூனை அப்பாவின் வாயில் வைத்தாள். பாதித் தண்ணீர் உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது.

தொண்டையில் புற்று. கட்சால் தீவிலிருந்து கப்பலில் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். டாக்டர் தமிழ் தெரியாதவர், நல்ல மனுஷன். "கர் லே ஜாவோ, பேட்டி" என்று சுகுணாவின் தோளைத் தட்டிச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோ மகளே என்று ஒரு டாக்டர் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மரைன் ஹில்லில் அவள் வீடு மேட்டில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் மொத்தமும் தெரியும். வாடகை கூடுதல் என்று தெரிந்தும் அவள் கணவன் சுரேந்திரன் அந்த ஜன்னலுக்காகத்தான் வீட்டைப் பிடித்தான். அப்பா வந்ததும் கையைக் காட்டி அதைச் சாத்தச் சொல்லிவிட்டார். அதனால் வீடு அடுப்படிபோல வெந்துகொண்டிருந்தது. சுரேந்திரன் கேம்பல் பே போன கப்பலில் இன்ஜின் ரூமில் இருந்தான், அவன் இப்போதைக்கு வரமாட்டான். சுகுணா தீவுக் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் உட்காருகிறவள். எத்தனையோ பேரை ஊருக்கு அனுப்பியிருக்கிறாள், அப்பாவை மட்டும் அனுப்ப முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதற்கு ராசம்மா ஒரு காரணம் வைத்திருந்தாள். அந்தக் காரணம் மஞ்சள் துணியில் சுற்றிக் கட்டிலின் தலைமாட்டில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அது அப்பாவின் பிரம்பு.

இலங்கை மலைத் தோட்டங்களில் தேயிலை ஆலையின் பெரிய சக்கரத்தை ரோதை என்பார்கள். அதற்குக் காவல் இருக்கிற சாமி ரோதமுனி. ஒப்பந்தம் போட்டு ஜனங்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது பொன்னுத்துரையின் அப்பா ஆலைக்கு அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை மடியில் முடிந்துகொண்டு வந்தார். கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். ரோதையே இல்லாத ஊரில், கடற்கரையை ஒட்டிய மட்டத்தில் வீடுகளுக்கு நடுவே ஒரு கல்லை நட்டு, அந்த மண்ணைப் போட்டு ரோதமுனியை உட்கார வைத்தார்கள். முனி அதற்கு ஆட்சேபம் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் தாத்தா மேல் வந்தார், அவருக்குப் பின் அப்பா மேல் வந்தார். அப்பாவின் குரலில் வாக்குச் சொன்னார். முனி ஏறின ஆள் சாகும் முன் பிரம்பை அடுத்த ஆள் கையில் கொடுத்துவிட வேண்டும். வாங்குகிறவர் மேல் முனி இறங்க வேண்டும். இறங்காவிட்டால் உயிர் போகாது, இழுத்துக்கொண்டே கிடக்கும். ராசம்மா இதைச் சொல்லும்போது ஷிப்பிங் ஆபீஸ் விதியைப்போல அத்தனை உறுதியாகச் சொல்லுவாள்.

"நீதான் மகன். நீதான் வாங்கணும் யோகு" என்றாள் இப்போதும்.

"நான் தொட மாட்டேன் அத்த. ஒங்களுக்கே தெரியும்."

"அப்ப அப்பன் இப்படியே கெடக்கட்டுமா?"

"நான் ஜெபம் பண்ணத்தான் வந்திருக்கேன். ஒரு தடவ பண்ணிக்கிறேன். அவரு நிம்மதியாப் போவாரு."

"ஒங்க சாமி வந்து எங்க சாமிய எறக்குமா? நல்லா இருக்கு கத."

சுகுணா சுவரில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு எந்தச் சாமியோடும் ஒட்டுறவு கிடையாது. சமையலறையில் ஒரு காலண்டர் முருகன் இருந்தார், அவர் சுரேந்திரனுக்காக. ரோதமுனி மேல் அவளுக்கு இருந்தது வெறுப்பு. அம்மாவைத் தின்ற சாமி அது.

அம்மா செத்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கட்சாலில் இல்லை, போர்ட் பிளேரில் ஹாஸ்டலில் தங்கி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் அண்ணனிடமும் ராசம்மாவிடமும் தனித்தனியாகக் கேட்டவள். இரண்டு பேரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். விடிந்தும் விடியாததுமாகப் பூமி ஆடியது. சுவர்கள் விழுந்தன. பாதிப் பேர் பயந்துபோய் ரப்பர் மேட்டில் ஏறிவிட்டார்கள். அப்போது அப்பா பிரம்போடு கல்லுக்கு முன்னால் வந்து நின்று ஆடினார். "மேட்டுக்கு ஏறாத. மட்டத்துக்கு எறங்கு. என் எல்லைக்குள்ள வந்து நில்லு, நான் காவல் இருக்கேன்" என்று முனி சொன்னது. ஏறினவர்களில் பலர் இறங்கி வந்தார்கள். அம்மா தனபாக்கியம் இறங்கி வந்தாள். ராசம்மாவின் பிள்ளைகள் பாலகுமாரும் உமாவும் மேட்டில் நின்றார்கள். ராசம்மா கீழே நின்று கூப்பிட்டாள், இரண்டு பேரும் வந்தார்கள். யோகராஜ் மட்டும் பயத்தில் இறங்க மறுத்து ஒரு ரப்பர் மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றான். கொஞ்ச நேரத்தில் கடல் வந்தது.

ராசம்மாவை ஒரு வீட்டுக் கூரையிலிருந்து எடுத்தார்கள். அப்பா ஒரு மரக்கிளையில் சிக்கிக் கிடந்தார், கையில் பிரம்பு இருந்தது. கல் போய்விட்டது, அம்மா போய்விட்டாள், பாலகுமாரும் உமாவும் போய்விட்டார்கள். பிறகு மேட்டில் வீடுகள் கட்டிக் கொடுத்தபோது முனிக்கும் ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். அப்பா கற்பூரம் காட்டுவார். ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் மேல் முனி வரவே இல்லை. தனியாக இருந்த அவருக்கு இத்தனை வருஷமும் சோறு ஆக்கிப் போட்டவள் ராசம்மாதான்.

"யாரு சொன்னது?" என்று அப்பா மறுபடியும் கேட்டார்.

"முனிதான் சொல்லுச்சு அண்ணே" என்றாள் ராசம்மா உடனே. "கூப்பிட்டுக்கணும்னு நெனச்சிருச்சு, கூப்பிட்டுக்கிச்சு. நாம என்னா செய்ய முடியும்? நான் என்னைக்காவது ஒங்களக் குத்தம் சொன்னனா?"

அப்பா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ராசம்மா பேசும்போதெல்லாம் அவர் முகம் சுருங்குவதை சுகுணா சில நாளாகவே கவனித்திருந்தாள். வலி என்று நினைத்து மருந்து கொடுத்தாள். மருந்துக்கும் அது குறையவில்லை.

யோகராஜ் மெதுவாக, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "சாமின்னு நெனச்சீங்க. அது சாமி இல்ல அப்பா. ஏமாத்துற ஆவி. ஒங்கமேல தப்பு இல்ல. ஒரு தடவ கர்த்தர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க, போதும். அவரு மன்னிச்சிருவாரு."

அப்பா கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"அவரு என்னத்தடா எழந்தாரு? எழந்தவங்கதான மன்னிக்கணும்."

"அவரும் புள்ளையக் கொடுத்தவருதான் அப்பா." அந்தப் பதில் கிடைத்ததில் யோகராஜின் கண் நிறைந்துவிட்டது.

"அவரு புள்ள மூணாம் நாள் திரும்பி வந்துருச்சுன்னு... நீதானடா சொன்ன."

யோகராஜ் அப்பாவின் கை மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்கிறவன், நாலு பேருக்குத் தைரியம் சொல்கிறவன், சின்னப் பிள்ளையாக மூக்கை உறிஞ்சினான். அவன் உயிரோடு இருப்பதே அப்பாவின் சொல்லைக் கேட்காததால்தான் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவன் வேறு சாமியைத் தேடிப் போனதற்கு சுகுணா ஒருநாளும் அவனைக் குறை சொன்னதில்லை.

நேரம் ஆக ஆக மூச்சு மோசமானது. தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் ஏறி ஏறி நின்றது. ஒவ்வொரு தடவையும் முடிந்தது என்று நினைத்தார்கள், முடியவில்லை. கண் மட்டும் தெளிவாக ஒவ்வொருவர் முகமாகத் தேடியது. பக்கத்து வீட்டு பெங்காலிக்கார அம்மா எட்டிப் பார்த்து "அரே ராம்" என்றுவிட்டுப் போனாள். சுகுணா பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தாள், துடைக்கத் துடைக்க உதடு காய்ந்தது. இப்படி ஒரு மனுஷனை யாரும் சாகவிடக் கூடாது என்று அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

"பொம்பளைக்கும் முனி எறங்கும்" என்றாள் ராசம்மா, சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல. "மலையில ஒச்சம்மா அப்பாயிக்கு எறங்கியிருக்கு."

சுகுணா சமையலறைக்குப் போனாள். யோகராஜ் பின்னாலேயே வந்தான்.

"என்னா யோசிக்கிற?"

"அவருக்கு அந்தச் சாமி வாயாலதான் பதில் வேணும் அண்ணே. நீ சொன்னாலும் கேக்க மாட்டாரு, நான் சொன்னாலும் கேக்க மாட்டாரு. முனியே வந்து நான்தான்டா சொன்னேன், பழி என்னுதுன்னு சொல்லணும். அப்பதான் உசிரு போகும்."

"நடிக்கப் போறியா?"

"ஆமா."

"பாவம் சுகு. வெளையாட்டு இல்ல அது. அதுக்கு நீ கதவத் தொறந்துவிட்டா..."

"எனக்குத்தான் எந்தச் சாமியும் கெடையாதே, எதுக்குப் பயப்படணும்? நீ வேணும்னா எனக்காக ஜெபம் பண்ணு."

அவன் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான். நிஜமாகவே ஜெபம்தான் பண்ணினான், உதடு அசைந்தது.

ராசம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து சுகுணாவின் தலையில் ஊற்றினாள். ஈரச் சேலையோடு கட்டிலுக்கு முன்னால் நிறுத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசினாள். மறுபடியும் கற்பூரம் ஏற்றினாள். உடுக்கை அடிக்க ஆள் இல்லை, எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து ஒரு கரண்டியால் தட்ட ஆரம்பித்தாள். பிரம்பின் துணியை அவிழ்த்து அப்பாவின் கையில் வைத்து, அந்தக் கையைத் தூக்கி சுகுணாவின் கையில் சேர்த்தாள்.

எப்படி ஆட வேண்டும் என்று சுகுணாவுக்குத் தெரியும். சின்ன வயதில் வீட்டுக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு அப்பாவைப்போல ஆடிக் காட்டி, அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியிருக்கிறாள். முதலில் பெரிய பெரிய கொட்டாவியாக வரும். பிறகு குதிகால் தரையை விட்டு எழும்பும். பிறகு தோள். அவள் கொட்டாவி விட்டாள். குதிகாலைத் தூக்கினாள். ஈரத் தலைமுடி கன்னத்தில் அடித்தது. தாம்பாளச் சத்தம் காதுக்குள் புகுந்துகொண்டது. கூச்சமாக இருந்தது, பிறகு கூச்சம் போய்விட்டது.

"டேய், பொன்னுத்துரை!"

அப்பாவை டேய் என்று கூப்பிட்டது அவள் வாய்தான். முனி அப்படித்தான் பேசும். ஆனாலும் அந்தச் சொல் வெளியே வந்ததும் அவளுக்குள் ஏதோ அறுந்ததுபோல ஆனது. நினைத்து வைத்திருந்தது ஒன்று, வந்தது வேறு.

"தனபாக்கியத்த ஏன்டா கூப்பிட்ட? மேட்டுலதானடா நின்னா அவ! ஏன்டா எறக்குன? அவ ஒனக்கு என்னாடா செஞ்சா?"

பிரம்பு கட்டில் சட்டத்தில் விழுந்தது. இன்னொரு தடவை விழுந்தது. இத்தனை வருஷமும் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காதவள், தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தவள், கவுண்டரில் கட்சால் டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் எழுந்த ஒன்றை உள்ளேயே அழுத்தி வைத்தவள், இப்போது தொண்டை கிழியக் கேட்டாள். ராசம்மா தட்டுவதை நிறுத்தவில்லை, இன்னும் வேகமாகத் தட்டினாள். அவளுக்கு இது முனியின் கோபம். சுகுணா மூச்சு வாங்க நின்றாள். அப்பாவின் கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றதைப் பார்த்ததும்தான் எதற்காக இதை ஆரம்பித்தோம் என்று அவளுக்கு நினைவு வந்தது.

"நான்தான்டா" என்றாள். குரல் உடைந்தது, அதையும் ராசம்மா முனியின் குரலாகவே எடுத்துக்கொண்டாள். "நான்தான்டா கூப்பிட்டேன். ஒன் வாயில நான்தான் பேசுனேன். நீ சொல்லல. பழி என்னுது. எல்லாப் பழியும் என்னுது. நீ போடா. பயப்படாமப் போ."

ராசம்மா கரண்டியைப் போட்டுவிட்டுத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். "அப்பனே, அப்பனே" என்று சிமெண்டுத் தரையில் முகத்தை வைத்து அரற்றினாள்.

அப்பா சுகுணாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை அசைத்துக் கிட்டே கூப்பிட்டார். அவள் குனிந்து காதை அவர் வாயருகே வைத்தாள். தண்ணீரும் மருந்தும் கலந்த புளித்த மூச்சு காதில் பட்டது.

"நல்லா செய்யிறம்மா" என்றார். "அன்னைக்கு நானும்... இப்படித்தான்."

சுகுணா காதை எடுக்காமல் குனிந்தபடியே நின்றாள்.

"எல்லாம் ஓடிவந்து... என் மொகத்தயே பாத்துச்சுங்க. எனக்கு என்னா தெரியும்? மலையில மண்ணு சரிஞ்சா... எங்கப்பாரு அப்படித்தான் சொல்லுவாரு. மேட்டுல நிக்காத, மட்டத்துக்கு எறங்குன்னு. அதுதான் வாயில வந்துச்சு. முனி வரல."

மலையில் பிறந்த ஜனங்களுக்குச் சாவு எப்போதும் மேலேயிருந்துதான் வந்தது. மழைக்கு இளகிய மலை சரிந்து, வரிசை வீடுகளான லயங்களை மூடும். பூமி அசைந்தால் சரிவை விட்டு இறங்கி, சமதரைக்கு, முனியின் எல்லைக்கு ஓடிவர வேண்டும். தாத்தா அப்படிச் சொல்லித்தான் அங்கே எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறார். அதே சொல்லைத்தான் அப்பா கடலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லியிருக்கிறார். இத்தனை நாளும் அவர் கேட்டது பதில் தெரியாமல் கேட்ட கேள்வி அல்ல. தனக்குத் தெரிந்தது இன்னொருவருக்காவது தெரிந்திருக்காதா என்றுதான் ஒவ்வொரு முகமாகத் தேடியிருக்கிறார். சுகுணா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கிட்ட சொல்லிறாத." அவர் கண் தரையில் கிடந்த ராசம்மாவின் பக்கம் போனது. "அது கூப்பிட்டுத்தான... புள்ளைங்க எறங்குச்சுங்க."

சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த மாதிரி அவர் முகம் தளர்ந்தது. அடுத்த மூச்சு வந்தது, அதற்கு அடுத்தது வரக் கொஞ்சம் தாமதித்தது. பிறகு வரவில்லை. கற்பூரம் எரிந்து முடிந்து தட்டில் கருப்புத் தடம் மட்டும் இருந்தது.

"என்னா சொன்னாரு? முனிக்கு என்னா சொன்னாரு?" என்று ராசம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"சந்தோசம்னாரு" என்றாள் சுகுணா.

படிக்கட்டிலிருந்து ஓடிவந்த யோகராஜும் அதையேதான் கேட்டான். கடைசியில் வேறு ஏதாவது பெயரைச் சொன்னாரா என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "சத்தமா ஒண்ணும் சொல்லல அண்ணே" என்றாள். அது பொய்யும் இல்லை. அவன் அப்பாவின் கண்ணை மூடிவிட்டு, தாடையைத் துணியால் கட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, "கொள்ளி நான்தான் வைப்பேன். சபையில கேட்டா நான் பாத்துக்கிறேன்" என்றான். ராசம்மா அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

பிற்பகலுக்குள் போர்ட் பிளேரில் இருந்த கட்சால் ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். துறைமுக ஜெட்டியில் வேலை பார்க்கிற சண்முகம் வந்தான், கடல் வந்த அன்றைக்கு அவனுக்கு அப்பாவும் தம்பியும் போனவர்கள். குருநாதன் வந்தார், பெண்டாட்டியை இழந்தவர். எல்லோரும் மூங்கில் கொண்டுவருவதும் வண்டிக்கு போன் போடுவதுமாக இருந்தார்கள். ராசம்மா வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் அழுதுகொண்டே சொன்னாள். முனி இறங்கிவிட்டது, பாப்பா மேல் இறங்கிவிட்டது, அப்பனையே டேய் என்று கூப்பிட்டது, பழியெல்லாம் தன்னுது என்று சொன்னது. கேட்டவர்கள் உள்ளே திரும்பிப் பார்த்தார்கள். பிணத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம் சுகுணாவைப் பார்த்தார்கள். குருநாதன் அவளைத் தாண்டிப் போகும்போது ஒதுங்கி, லேசாகக் குனிந்து போனார். நேற்றுவரை கவுண்டரில் வந்து "ஏம்மா, கப்பல்ல படுத்துப் போக ஒரு பங்க் டிக்கெட் பாத்துக் குடேன்" என்று உரிமையாகக் கேட்டவர்.

குளிப்பாட்டி வேட்டி கட்டி அப்பாவை நடுவீட்டில் கிடத்தினார்கள். சுகுணா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஈரச் சேலை உடம்பிலேயே காய்ந்து மஞ்சளாக விறைத்துக் கிடந்தது. மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள், எழுந்திருக்க முடியவில்லை. அப்போது ராசம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் மண்டியிட்டாள்.

"தீட்டு வீட்டுல சாமிகிட்ட வாக்குக் கேக்கக் கூடாது, எனக்குத் தெரியும். ஆனா நாளைக்குக் கட்சாலுக்குக் கப்பல், நான் போகணும். அத விட்டா எப்பவோ."

"அத்த, எந்திரிங்க. பொறகு பேசலாம்."

"எனக்குப் பொறகு ஏது? அண்ணே மேல முனி வரவே இல்ல. இத்தன வருசம் யாருகிட்டக் கேப்பேன், சொல்லு."

சுகுணா அவள் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். "அத்த, கேளுங்க. அது நான்... காலையில பேசுனது வந்து..."

"நீ இல்ல புள்ள. எனக்குத் தெரியாதா? அப்பன டேய்னு கூப்பிடுற புள்ளையா நீ? அதனாலதான கேக்கறேன்." ராசம்மா அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது. "நான்தான் கூப்பிட்டேன் சாமி. ரெண்டும் மேட்டுல நின்னுச்சு. பாலன் வரமாட்டேன்னான். வராட்டி அடிப்பேன்னு சொன்னேன். தங்கச்சி கையப் புடிச்சுக்கிட்டு எறங்குனான். பயந்துச்சுங்களான்னு நான் கேக்கல. பயந்துதான் இருக்கும். எம்மேல கோவமாப் போச்சுங்களா? அத மட்டும் சொல்லு."

வீடு முழுக்கப் பேச்சு நின்றுவிட்டது. மூங்கிலைக் கட்டிக்கொண்டிருந்த சண்முகம் கயிற்றைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தான். குருநாதன், அவருக்குப் பின்னால் சுகுணாவுக்குப் பெயர் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். யோகராஜ் கதவோரத்தில் நின்றான். வேண்டாம் என்று தலையசைக்கப் போகிறான் என்று நினைத்தாள். அவன் அசைக்கவில்லை, கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

ராசம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லடி" என்றாள் சுகுணா.

ராசம்மா பாதங்களை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"இல்லடி ராசம்மா. கோவமே இல்ல."

ராசம்மா அவள் பாதத்தில் நெற்றியை வைத்தாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. சுகுணா அந்த நரைத்த தலையில் கையை வைக்கவும் முடியாமல், எடுக்கவும் முடியாமல் காற்றில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்றவர்கள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஒருவர் கழற்றினார், பிறகு இன்னொருவர்.